பிக்கப் வண்டியில் பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது: ஒன்றா, இரண்டா, கடைசி முறுக்கு எப்போது?

ஜனவரி 9, காலை (கேள்வி)

பட்டை ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்) போட்ட பிக்கப். காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வளைவில் மேடுபள்ளம் வந்தால் பின்பாகம் பக்கவாட்டில் நகர்கிறது. வலது பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டிக் கருத்திருக்கிறது. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. வலதை மட்டும் மாற்றினால் போதுமா? லோடு ஏற்றினால் பின்னால் அதிகம் அமுங்குவதும் இதனால்தானா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், நானே செய்யலாமா?

ஜனவரி 9, இரவு

இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கசிவு தெரியாத இடது ஷாக்கும் அதே ரோட்டில் அதே தூரம் ஓடியதுதான். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டு பின் சக்கரத்தையும் தாங்கும் ஆக்சிலின் ஒரு முனை உடனே அடங்கும், மறுமுனை ஆடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வளைவில் நகர்கிறது என்கிறீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் போகும்.

லோடில் அமுங்குவது தனிக் கதை. ஷாக் எடை தாங்குவதில்லை, தாங்குவது பட்டை. இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு நிறுத்தினாலும் வண்டியின் உயரம் கிட்டத்தட்ட அதேதான் இருக்கும். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னத் துளைகளும் வால்வுகளும். எண்ணெய் அந்தச் சந்துகளில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. வண்டி அமுங்குகிறது என்றால் பட்டை தளர்ந்திருக்கும், இல்லை ஒரு பட்டை உடைந்திருக்கும், இல்லை வண்டிக்கு உரியதைவிட லோடு அதிகம். கெட்டியான ஷாக் வாங்கிப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. அப்படிப் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். லோடில் அமுங்குவது அப்படியே இருந்தது, காலி வண்டியின் குலுக்கல்தான் கூடியது.

நீங்களே செய்யலாம். சஸ்பென்ஷன் வேலைகளில் இதைவிட எளிதானது குறைவு. துருப்பிடித்த போல்ட்தான் நேரத்தைத் தின்னும். அப்புறம் கடைசி முறுக்கை வண்டி எந்த நிலையில் இருக்கும்போது கொடுக்கிறீர்கள் என்பது. புது ஷாக்கின் முனை வளையத்துக்குள் (அதைக் கண் என்போம்) இருக்கும் ரப்பர் புஷ் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அந்த ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது. அதைத் தனியாக, விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

"பம்பரை அமுக்கி விட்டுப் பார்த்தேன், ஒரு தடவைதான் ஆடி நிற்கிறது, அப்படியானால் ஷாக் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று இன்னொருவர் கேட்கிறார்.

பட்டை ஸ்பிரிங்கில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதே ஓரளவு ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக் முழுதாகச் செத்திருந்தாலும், நம் கையின் பலத்துக்கு வண்டி ஒரு தடவை ஆடி நின்றுவிடும். இன்னொன்று, நாம் அமுக்கும்போது அசைவது வண்டியின் உடல். அது ஒரு நொடிக்கு ஒன்றிரண்டு தடவைதான் ஆடும். ரோட்டில் நம்மைத் தடுமாற வைப்பது ஆக்சிலும் சக்கரமும் சேர்ந்து துள்ளுவது. அது நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் போகும். அந்த வேகத்து ஆட்டத்தைக் கையால் உண்டாக்கவே முடியாது.

நான் நம்பும் சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலில் டயர். பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் மெதுவாகத் தடவுங்கள். இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு மேடு என்று விட்டுவிட்டுத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் பதியாமல் துள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். சக்கரத்தின் பேலன்ஸ் சரியில்லை என்றாலும் இப்படித் தேயும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது சூடு. கரடுமுரடான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் இரண்டு ஷாக்கின் அடிக்குழாயையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர்ந்து கிடக்கிறது என்றால் குளிர்ந்ததில் எண்ணெய் சந்துகளில் நெருக்கப்படவே இல்லை.

மூன்றாவது, வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் இன்னொரு வண்டியில் போய்ப் பார்ப்பது. சின்னச் சின்ன மேடுகளில் காலி வண்டியின் பின் சக்கரம் தரையை விட்டு நடுங்குவது நன்றாகத் தெரியும். ஓட்டுபவருக்கு அது வெறும் குலுக்கலாகத்தான் படும்.

ஜனவரி 10, சற்றுப் பிறகு

சூட்டுச் சோதனையோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சைலன்சர் குழாய் ஒரு பக்க ஷாக்குக்கு அருகே போனால், அந்த ஷாக் வேலை செய்யாவிட்டாலும் சூடாகத்தான் இருக்கும். குழாயைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கச் சூட்டைக் கணக்கில் எடுக்கவும் வேண்டாம்.

கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் லேசாக ஈரம் பூத்திருப்பது இயல்பு. எண்ணெயை அடைத்து வைக்கும் சீலில் கம்பி வழுக்கிப் போக எண்ணெய்ப் படலம் வேண்டும், அது சிறிது வெளியே வரத்தான் செய்யும். எண்ணெய் வழிந்து குழாயின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் அது கசிவு. நீங்கள் சொல்வது இரண்டாவது வகைதான்.

ஜனவரி 12

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை.

நீளம். பட்டையை உயர்த்தியிருந்தாலோ கூடுதல் பட்டை போட்டிருந்தாலோ கம்பெனி நீளம் பொருந்தாது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் முழுநீளத்துக்கு இழுபட்டு நின்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே பிஸ்டன் மேல்முட்டில் அடிக்கும். அதேபோல முழு லோடில் ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் முதலில் முட்ட வேண்டும். அதற்கு முன் ஷாக் அடித்தட்டில் முட்டினால் ஷாக்கும் போகும், அதைத் தாங்கும் பிராக்கெட்டும் போகும்.

இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா? இரட்டைக் குழாயில் உள்குழாயைச் சுற்றி எண்ணெய்க்கு இன்னொரு அறை. வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் தாங்கும், மென்மையாக ஓடும். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுகிறது. அடியில் ஒரு மிதக்கும் தடுப்பு, அதற்கப்பால் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன். அந்த அழுத்தத்தில் எண்ணெய் எளிதில் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். நீண்ட கரட்டு ரோட்டில் போகப் போக ஷாக் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய் சூடாகி நுரைப்பதுதான். நுரை துளையில் எதிர்ப்பே இல்லாமல் ஓடிவிடும். ஆனால் ஒற்றைக் குழாயில் ஒரு கல் அடித்துப் பள்ளம் விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிக்கப் எந்த ரோட்டில் ஓடுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தார் ரோடு, நடுத்தர லோடு என்றால் நல்ல இரட்டைக் குழாய் கேஸ் ஷாக்கே (எண்ணெயோடு கேஸும் அடைத்தது) போதும் என்பது என் கருத்து.

இடதும் வலதும் ஒரே பொருளா என்று பாகம் எண்ணைப் பாருங்கள். பல பிக்கப்களில் ஒரு பக்க ஷாக் ஆக்சிலுக்கு முன்னால் சாய்ந்திருக்கும், மறுபக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் "திருத்த" வேண்டாம். கிளட்சை விட்டு வேகமாக எடுக்கும்போது ஆக்சில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும், பட்டை வளைந்து நெளியும், சக்கரம் தரையில் டப டபவென்று துள்ளும். முன்னொன்று பின்னொன்றாக வைத்தால் அந்தச் சுழற்சிக்கு இரு பக்கமும் எதிர்ப்பு கிடைக்கிறது. அதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள்.

ஜனவரி 13

இன்றே போய் எல்லா நட்டு போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு வாருங்கள். கம்பி பிரஷ்ஷால் முனையில் நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துவிட்டுத் தெளித்தால்தான் உள்ளே இறங்கும். வேலைக்கு முந்தின நாள் இன்னொரு தடவை. இந்த ஊறல் நிறைய வலியை மிச்சப்படுத்தும்.

ஜனவரி 16

சரி, வேலைக்கு வருவோம்.

சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கு இரண்டு புறமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையும் நிறுத்தாது. பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் கியரில் போட்டு வைப்பதும் அப்படியே. வண்டியை நிறுத்தி வைப்பது அந்தக் கட்டை மட்டும்தான்.

பல பிக்கப்களில் தூக்கவே வேண்டாம். அடியில் படுக்க இடம் இருந்தால் சக்கரம் தரையில் இருக்கும்போதே கழற்றி மாட்டலாம், ஆக்சிலை பட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். இடம் போதாவிட்டால் சேசிஸை இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து வைத்திருங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், ஒரு நிமிட வேலையானாலும். ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய் மூன்றும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். சில வண்டிகளில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கை மாற்றும் வால்வு ஒன்று சேசிஸில் இருக்கும், அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி வரும். அந்தக் கம்பி வளைந்தால் பின் பிரேக்கின் கணக்கே மாறிவிடும்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

கீழ் போல்ட். நட்டு கழன்று வந்துவிடும், போல்ட் வராது. இதுதான் வழக்கமான தகராறு. போல்ட்டின் உடல் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரைத் திருப்பினால் கொஞ்சம் போவது போலத் தெரியும், விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். போல்ட் திரும்புவதில்லை, ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது. இதைப் பார்த்ததும் பலத்தைக் கூட்டுவதில் பயனில்லை. நட்டை மரையின் முனைவரை திரும்ப ஏற்றி அதன்மேல் சுத்தியலால் தட்டுங்கள், மரை கெடாமல் இருக்கும். அதற்கும் அசையவில்லையா? பிராக்கெட்டுக்கும் ஷாக்கின் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஹாக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டையும் குழலையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். பழைய ஷாக் எப்படியும் போகப்போகிறது. புது போல்ட் கையில் இருந்தால் போதும். கிரைண்டர் பிடிப்பவர்கள் கண் பகுதியை மட்டும் அறுங்கள். குழாயைத் தொட்டால் உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயும் கேஸும்.

தீ வைத்துச் சூடேற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பக்கத்தில் ரப்பர், பிரேக் பைப், டேங்க், அழுத்தம் உள்ள குழாய் எல்லாம் இருக்கின்றன.

மேல்பக்கம் போல்ட் அல்லாமல் கம்பியின் முனையிலேயே நட்டு இருந்தால், நட்டைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து சுற்றும். கம்பியின் நுனியில் தட்டையாகச் செதுக்கிய இடத்தைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். பழைய ஷாக்கில் எப்படிப் பிடித்தாலும் கவலையில்லை. புதியதில் பளபளக்கும் கம்பியைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பழையதைக் கழற்றியதும் கையால் அமுக்கி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று வெறுமையாகப் போனால் அங்கே எண்ணெய் இல்லை. கேஸ் ஷாக் அமுக்கி விட்டதும் தானாக நீள வேண்டும், அமுங்கினபடியே கிடந்தால் கேஸ் போய்விட்டது.

புதிய இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, மாட்டுவதற்கு முன் சில தடவை முழு நீளத்துக்கு இழுத்து முழுதாக அமுக்குங்கள். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் காற்றோ கேஸோ உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். முதல் இழுப்பில் அந்த வெறுமை கைக்குத் தெரியும், நாலைந்து இழுப்பில் மறைந்து சீராகிவிடும். ஒற்றைக் குழாய்க்கு இது தேவையில்லை.

நாடா கட்டி அமுக்கி வரும் கேஸ் ஷாக்கில் மேல்முனையை முதலில் மாட்டுங்கள். கீழ்க்கண் பிராக்கெட்டுக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டு நாடாவை அறுத்தால் மெல்ல நீண்டு தானாக இடத்துக்கு வரும். முகத்தை அதன் நேருக்கு வைக்காதீர்கள்.

போல்ட்டின் நடு உடலில், குழலுக்குள் போகும் பகுதியில், கிரீஸ் தடவுங்கள். அடுத்த தடவை கழற்றுபவருக்கு ஹாக்சா வேண்டியிருக்காது. மரையில் தடவ வேண்டாம். வழுக்கும் மரையில் அதே டார்க் (முறுக்கு விசை) எண்ணுக்குப் போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும்.

நட்டைக் கையால் ஏற்றி, ஆடாத அளவுக்கு மட்டும் ஸ்பேனர் கொடுத்து நிறுத்துங்கள். முழு முறுக்கு இப்போது வேண்டாம்.

ஜனவரி 17

அந்தக் கடைசி முறுக்கு.

ஷாக்கின் கண்ணுக்குள் ரப்பர், ரப்பருக்குள் இரும்புக் குழல். போல்ட்டை முழுதாக இறுக்கியதும் பிராக்கெட் அந்தக் குழலை இரண்டு பக்கமும் நெரித்துப் பிடித்துக்கொள்ளும், அது இனி அசையாது. வண்டி ஓடும்போது ஷாக் முன்பின் சாய்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சாய்வு முழுவதையும் ரப்பர் முறுகித்தான் தாங்குகிறது. குழல் அதில் சுழலுவதில்லை.

சேசிஸ் ஸ்டாண்டில், ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் என்ன ஆகும்? ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தைத்தான் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஷாக்கின் கோணம் மாறும், ரப்பர் ஒரு பக்கமாக முறுகும். நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு போகாது, முழு லோடில் இன்னும் கூடும். கொஞ்ச காலத்தில் கண்ணின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பிளவு தெரியும், அப்புறம் கீச்சென்று சத்தம், அப்புறம் இரும்பும் இரும்பும் முட்டும் டொக் டொக். ஷாக் பாவம், நன்றாகத்தான் இருக்கும், புஷ்தான் செத்திருக்கும்.

அதனால் வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் வந்தபின், வண்டியை ஒரு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பட்டையை நிலைக்கு வரவைத்து, அதற்குப் பிறகே டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள எண்ணுக்கு இறுக்குங்கள். அடியில் போக முடியாவிட்டால் சக்கரங்களை மரப்பலகை மேல் ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து எடையை அதில் இறக்குங்கள். பட்டைக்கு அதுவும் தரையில் நிற்பதும் ஒன்றுதான்.

எப்போதும் லோடோடுதான் ஓடும் வண்டி என்றால் லோடு இருக்கும்போது இறுக்குவது இன்னும் பொருத்தம். வேலை செய்யும் உயரம் எதுவோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலையாக இருக்க வேண்டும்.

ஜனவரி 19

முந்தாநாள் எழுதியதற்கு ஒரு எல்லை உண்டு. பாலியூரித்தேன் புஷ் போட்ட ஷாக்கில் குழல் பெரும்பாலும் புஷ்ஷுக்குள் சுழலும். அதில் எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை, கூட வரும் கிரீஸைத் தடவுவதுதான் முக்கியம். கம்பி முனை நட்டு வகையிலும் கணக்கு வேறு. அங்கே இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே பிராக்கெட் இருக்கும். ரப்பர் வீங்கி வாஷரின் ஓரத்துக்கு வரும்வரை இறுக்கினால் போதும், வாஷரைத் தாண்டிப் பிதுங்கினால் அதிகம்.

ஸ்டாண்டில் நிறுத்துவது பற்றி எழுதியதும் பட்டை வண்டிக்குத்தான். பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள பிக்கப்களில் ஆக்சில் எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதைச் சில நேரம் ஷாக்தான் தடுத்துப் பிடித்திருக்கும். ஷாக்கைக் கழற்றியதும் ஆக்சில் மேலும் இறங்கி, ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவலாம், பிரேக் ஹோஸ் அறுபடலாம். அந்த வண்டிகளில் ஆக்சிலைத் தாங்காமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள்.

ஜனவரி 20

"ஏர் கன் வைத்து நிமிடத்தில் முடிக்கலாமே?" கீழ்போல்ட்டுக்குச் சரி. கம்பி முனை நட்டுக்கு வேண்டாம். கன் கம்பியை வேகமாகச் சுழற்றிவிடும். பிஸ்டனைக் கம்பியில் பிடித்து வைத்திருக்கும் உள் நட்டு தளரலாம், சீலும் சூடேறும். கையால் இறுக்க அதிக நேரம் ஆகாது.

ஜனவரி 28 (முதலில் கேட்டவர்)

மாற்றிவிட்டேன். போல்ட்டை அறுக்கத்தான் வேண்டியிருந்தது. வளைவில் நகர்வது நின்றுவிட்டது. காலியாகப் போகும்போது குலுக்கல் பாதிதான் குறைந்திருக்கிறது.

ஜனவரி 28, இரவு

வளைவில் நகர்வது நின்றதே பெரிய விஷயம். டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும் தூரத்துக்கும் அதுதான் வேண்டும்.

மீதிக் குலுக்கலுக்கு டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பல பிக்கப்களுக்குக் காலிக்கு ஒரு எண், முழு லோடுக்கு வேறு எண் போட்டிருக்கும். முழு லோடு காற்றோடு காலியாக ஓட்டினால் எந்த ஷாக்கும் அதை மென்மையாக்காது. லோடு ஏற்றும்போது மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகும் மிஞ்சுவது பட்டையின் இயல்பு. சுமைக்கென்று கெட்டியாகச் செய்த ஸ்பிரிங், மேலே எடை இல்லாதபோது அமுங்காது.

அமுங்குவது பற்றி முதலில் கேட்டிருந்தீர்களே, அடியில் போனபோது பட்டையைப் பார்த்தீர்களா? பட்டையின் நடு போல்ட் உடைந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் அருகே துருப்பொடி சிவப்பாக வடிந்திருந்தால் அங்கே தளர்வு உண்டு. பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷையும் கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

பிப்ரவரி 3

பட்டையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது என்று முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். லோடில் அமுங்கியதற்குக் காரணம் அதுதான். இரண்டு பக்கப் பட்டை செட்டையும் ஒன்றாகப் பார்த்து மாற்றுங்கள். யு போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம், ஒரு தடவை இழுபட்ட மரை. பட்டை மாறியதும் வண்டி நிற்கும் உயரம் மாறும். ஆகவே ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் மேல்போல்ட்டையும் தளர்த்திவிட்டு, புது உயரத்தில் எடையோடு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டுக்கும் ஷாக் போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்ச்சை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 4

பழைய ஷாக்கை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வதில் பயனில்லை, மாட்டினால் பழைய ஆட்டமே திரும்பும். தீயில் போடக்கூடாது, கேஸ் உள்ள குழாய் வெடிக்கும். பழைய இரும்பு எடுப்பவரிடம் கேஸ் ஷாக் என்று சொல்லிக் கொடுங்கள். எண்ணெயைத் தரையில் வடிய விடாமல், என்ஜின் ஆயில் கழிவைச் சேர்க்கும் டப்பாவிலேயே சேர்த்துவிடுங்கள்.